காறல் மரமும் இனிப்பு மரமும்: புங்குடுதீவில் பனாட்டுப் போட்ட கதை

கொழும்பில் இருப்பவர்களுக்குப் பழத்துக்குப் பஞ்சமில்லை. யூன், யூலையில் றம்புட்டான் தெருவோரமெல்லாம் குவிந்து கிடக்கும். மங்குஸ்தீனும் துரியனும் கூடவே வரும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் யாழ்ப்பாணத்து பஸ்ஸில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பனம்பழம் மட்டும் வராது. வந்தாலும் வாங்க ஆளில்லை. விழுந்து ஒரு நாள் போனால் புழு வைக்கும், வாசம் வீடு முழுக்க நிற்கும், சாறு பட்ட துணி மஞ்சளாகிவிடும். அந்த ருசி வேண்டுமென்றால் இரண்டே வழிதான். ஆவணி, புரட்டாதியில் பனையடிக்கே போக வேண்டும், அல்லது யாராவது போட்டு வைத்த பனாட்டு, அதாவது பனம்பழச் சதையைக் களியாகப் பிசைந்து பாயில் ஊற்றிக் காயவைத்த தகடு, கைக்குக் கிடைக்க வேண்டும்.

பனாட்டு கடையிலும் உண்டு. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தொடங்கியதிலிருந்து பனம்பொருட்களுக்கென்று ஒரு சந்தை உருவாகியிருக்கிறது. நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது எந்த ஊர் மரத்துப் பழமோ! எனக்கு வேண்டியது எங்கள் வளவுப் பழம். அதனால் இந்த முறை லீவைப் பனம்பழக் காலத்தோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவுக்குப் போனேன். அங்கே இன்னும் இருக்கும் பெரியம்மா கூட நின்று சொல்லித் தந்தார். களி எடுப்பது, ஊற்றுவது, காயவைப்பது என்று செய்முறையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பனாட்டு நன்றாக வருவதும் வராததும் வேறு இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று மரம், மற்றது பூச்சின் தடிப்பு.

அதற்குமுன் தீவுப் பழங்கள் பற்றிக் கொஞ்சம். வேலணையோடு கடலுக்கு நடுவே போட்ட சாலையால் இணைந்த ஊர் எங்களுடையது. அடியில் சுண்ணாம்புக்கல், சுற்றிவரக் கடல், பாதிக் கிணறு உவர். மாவும் பலாவும் நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் மட்டும்தான் தலையெடுக்கும். மற்ற இடமெல்லாம் கேட்டுக் கேள்வியில்லாமல் முளைக்கிற சாதிதான்: விளாத்தி, இலந்தை, நாவல், ஈச்சை, வேலியோரத்து அன்னமுன்னா. விளாம்பழத்தை நிலத்தில் போட்டுப் பார்ப்போம். துள்ளினால் காய், தொப்பென்று அங்கேயே கிடந்தால் பழம். ஈச்சங்குலையைச் செங்காயாக வெட்டி, உப்புத் தண்ணீர் தெளித்துச் சாக்கில் கட்டி வைப்போம், பழுக்கட்டும் என்று. நாவல்பழத்துக்கு உப்பும் தேவையில்லை, பொறுமையும் தேவையில்லை. அன்னமுன்னாவை வௌவால் விட்டு வைத்தால்தான் எங்களுக்கு.

இவையெல்லாம் பறித்த கையோடு வாய்க்குப் போகிற பழங்கள். பனம்பழம் வேலை வாங்கும். கங்குமட்டை நெருப்பில் போட்டுச் சுட்டு, கருகிய தோலை உரித்து, தும்போடு சேர்த்துச் சூப்ப வேண்டும். அடிநாக்கு வரைக்கும் தும்பு. பல்லிடுக்கில் சிக்கியதைப் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு இழுத்ததெல்லாம் உண்டு. பழுக்காத காயென்றால் இரண்டை ஒரு தடியில் குத்தி பனங்காய் வண்டில் ஓட்டலாம். பழத்தை நாட்கணக்கில் வைத்திருக்க ஒரே வழி அதைப் பனாட்டாக்குவது.

மரம்

எங்கள் வளவில் ஒரு வரிசைக்குப் பெண்பனை நிற்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் இடம்பெயர்ந்து, வருடக்கணக்கில் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, யன்னலில்லை, கிணற்றுக் கட்டும் இல்லை. பனை நின்றது. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியில்லாமல் தறிக்கக்கூடாது என்று 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டம் எங்கள் வளவைக் காப்பாற்றியதா, ஆளில்லாத ஊரில் தறிக்கவும் ஆளில்லாமல் போனதா என்று கேட்டால் இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

நின்றாலும் எல்லா மரமும் ஒன்றல்ல. வெளியே பார்த்தால் ஒரே கறுப்பு, ஒரே பருமன். களியை வாயில் வைத்தால்தான் தெரியும். ஒரு மரத்துப் பழம் இனிக்கும், பக்கத்து மரத்துப் பழம் காறும். அதுவும் உடனே காட்டிக்கொடுக்காது. முதலில் இனிப்பு வரும், வாசம் வரும், சரி இது நல்ல மரம்தான் என்று நினைக்கும்போது தொண்டைப் பக்கத்திலிருந்து கசப்பு எழும்பும். ஆகவே ருசி பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பழத்தை எடுத்து, தோலைக் கிழித்து, விரல்நுனியில் கொஞ்சம் களியை வழித்து நாக்கின் பின்பக்கத்தில் வைத்து, விழுங்காமல் இருபது எண்ண வேண்டும். பிறகு தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த மரம். இரண்டு மூன்று மரத்துக்குமேல் ஒரே மூச்சில் பார்க்கக்கூடாது. முதல் மரத்துக் காறல் நாக்கில் நின்றுகொண்டு அடுத்த மரத்தின் பெயரையும் கெடுத்துவிடும்.

இந்தக் கசப்புக்குக் காரணம் ஃபிளாபெலிஃபெரின் எனப்படும் சபோனின் வகைச் சேர்மங்கள். பனையின் தாவரவியல் பெயரான பொராசஸ் ஃபிளாபெலிஃபர் என்பதிலிருந்து வந்த பெயர். சபோனின் என்றால் தண்ணீரில் நுரைக்கும். களியைப் பிசையும்போது கை முழுக்க நுரை ஏறுவதைப் பார்க்கலாம். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் சவுக்காரம் (சோப்பு) இல்லாதபோது யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தைக் கொண்டு உடுப்புத் தோய்த்தது இதை நம்பித்தான். அழுக்குப் போகும். ஆனால் கொடியில் காயப்போட்ட சட்டையைப் பழவாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும், அதற்குக் காவல் வேறு இருக்க வேண்டும். பெரியம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது எந்தெந்த மரத்துப் பழம் தோய்க்கப் போனது என்றும் சொன்னார். அவர் காட்டிய மரங்களும் எங்கள் நாக்குப் பரிசோதனையில் தோற்ற மரங்களும் ஏறக்குறைய ஒன்றே. பிறகு நான் ஏன் மினக்கெட்டு ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

மரத்தைப் பிரித்து வைப்பதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் எளிது. காயும்போது போவது தண்ணீர் மட்டும். கசப்பு அங்கேயே நிற்கும். பச்சைக் களியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய காறல், பத்து லீற்றர் ஒன்றரைக் கிலோவாகச் சுண்டும்போது பல மடங்கு. நல்ல களி நிறைய இருக்கிறதே, ஒரு காறல் பழம் கலந்தால் என்ன என்ற எண்ணமே வேண்டாம்.

பழம் பொறுக்குவது விடிகிற நேரத்தில். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். சோளகம் பெலத்து அடிக்கிற இரவில் காகமே தேவையில்லை, படுக்கையில் கிடந்துகொண்டு எந்த மூலையில் விழுந்தது என்று எண்ணலாம். விடிந்தும் போகாவிட்டால் மாடு போய்விடும். மாடு விட்டால் வண்டு. விழுந்த வேகத்தில் வெடித்த பழத்தை நான் எடுக்கவில்லை, வெடிப்புக்குள் மண்ணும் ஈயும் போயிருக்கும். காம்புத் தொப்பியைச் சுற்றி ஊசித் துவாரம் தெரிந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான். தோல் கறுத்து, பெருவிரலால் அமத்தினால் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வருகிற பழம் அன்றைக்கே பிசைய ஏற்றது. கல்லாக இருந்தால் ஒரு நாள் நிழலில் கிடக்கட்டும்.

தண்ணீர்

இந்தப் பகுதியின் தொடக்கம் தீவுக்காரருக்கு. மற்றவர்கள் பிசைகிற இடத்துக்குத் தாண்டிப் போகலாம்.

எங்கள் வீட்டுக் கிணறு குளிக்க ஆகும், குடிக்க ஆகாது. பழத்தில் ஒட்டியிருக்கும் மண்ணையும் சாணத்தையும் அந்தத் தண்ணீரால்தான் கழுவினோம். தேங்காய்ப்பொச்சால் தேய்த்து, தோல் மினுங்கும் வரைக்கும். ஆனால் களி கரைக்கிற தண்ணீர் வேறு. லீற்றருக்கு மூன்று கிராம் உப்புள்ள தண்ணீரில் ஐந்து லீற்றரைக் களியில் விட்டால் பதினைந்து கிராம் உப்பு உள்ளே போகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்புப் போகாது. ஒன்றரைக் கிலோ பனாட்டில் பதினைந்து கிராம் என்றால் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு. நாக்குக்கு நன்றாகவே தெரியும். ஊரில் பவுசர் (தண்ணீர் லொறி) கொண்டுவரும் குடிதண்ணீரில் ஒரு வாளியை இதற்கென்று ஒதுக்கி மூடி வைத்தோம்.

அந்த வாளியும் மிஞ்சியது. ஏனென்றால் பெரியம்மா தண்ணீர் விடவே விடமாட்டார். நான் செம்பைத் தூக்கும்போதெல்லாம் கை நீளும்.

"பிள்ளை, கண்டபடி ஊத்தாதை. நீ ஊத்துற தண்ணி முழுக்கப் பிறகு வெயில்தான் குடிக்க வேணும்."

சரியான கணக்கு. தண்ணீர் கூடினால் பிசைவது சுகம், வடிப்பது சுகம். காய்வதுதான் சுகமில்லை. இரண்டு நாளில் முடிகிற பூச்சு மூன்று நாள் ஈரமாகக் கிடக்கும். அந்த மூன்றாம் நாளில்தான் புளிக்கும். பனங்களியில் சீனி இருக்கிறது, காற்றிலே மதுவம் (ஈஸ்ட்) இருக்கிறது, எங்கள் ஊர் வெக்கையில் ஒரு வாளிக் களியை மூடி வைத்தால் மறுநாள் குமிழி விட்டு நுரை தள்ளும். எனவே அன்று பிசைந்ததை அன்றே பாயில் ஊற்றிவிட வேண்டும்.

பிசைவது இப்படித்தான். காம்புத் தொப்பியைச் சுழற்றிக் கழற்றினால் தோலைப் பிடிக்க ஒரு விளிம்பு கிடைக்கும். அங்கிருந்து கீழ்நோக்கி உரித்தால் கீலம் கீலமாக வந்துவிடும். வராத இடத்தைப் பெரியம்மா பல்லால் கடித்து இழுத்தார், நான் கத்தியால் சீவினேன். உரித்த பழத்தை இரண்டாக, மூன்றாகப் பிளந்தால் ஒவ்வொரு கொட்டையும் தன் பங்குத் தும்போடு கையில் வரும். பெரும்பாலும் மூன்று கொட்டை, சில பழத்தில் இரண்டு, அபூர்வமாக ஒன்று. ஒரு கைப்பிடி தண்ணீர் தெளித்து, கொட்டையைப் பேசினுக்குள் வைத்து உள்ளங்கையால் உருட்டி உருட்டி அமத்த வேண்டும். முதலில் தும்புக்குள்ளிருந்து எதுவும் வராது. பிறகு மெல்ல செம்மஞ்சள் களி விரலிடுக்கால் பிதுங்கத் தொடங்கும். கெட்டியாக, நாரும் நுரையுமாக, கையை விட்டு இறங்க மறுக்கிற களி. தும்பு வெளிறும் வரைக்கும் விடக்கூடாது. கொட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் களிதான் நிறம் கூடியது, இனிப்பும் கூடியது என்று பெரியம்மா சொன்னார். அதைப் பிரித்து எடுத்து ருசி பார்த்தேன், உண்மைதான்.

நல்ல பழமென்றால் அரை லீற்றருக்குக் கிட்டக் களி எதிர்பார்க்கலாம். எல்லாவற்றையும் பிசைந்து முடித்ததும் பழைய வேட்டித் துண்டை மடிக்காமல் ஒற்றையாக விரித்துக் கட்டி, அதன்மேல் ஊற்றி, அகப்பையால் தேய்த்து வடித்தோம். மடித்தால் இறங்காது. நுளம்புவலையில் வடிப்பவர்களும் உண்டு, சீக்கிரம் முடியும், ஆனால் சின்னத் தும்பெல்லாம் இறங்கிவிடும். கொஞ்சம் தும்பு இருந்தால்தான் பனாட்டு என்பது என் கட்சி. மழமழவென்று இருக்கிற பனாட்டை மெல்லும்போது ஏதோ குறைகிறது.

வடித்த களி தோசை மாவுப் பதத்தில் இருந்தது. அகப்பையைத் தூக்கினால் நாடாவாக விழுந்து, மேலே ஒரு நொடி கோடு நின்று மறையும். அதைவிட இளகல் என்றால் கிடாரத்தில் விட்டு மெல்லிய நெருப்பில் கொஞ்சம் வற்ற வைக்கலாம். எங்களுக்குத் தேவைப்படவில்லை. வானம் மூட்டமாக இருக்கிற நாளில் காய்ச்சித்தான் ஊற்ற வேண்டும் என்பது பெரியம்மாவின் சட்டம். காய்ச்சினால் மதுவம் சாகும், ஒரு நாள் அவகாசம் கிடைக்கும்.

பூச்சு

பரண் போட்ட இடம் முற்றத்தின் நடு. நாலு கப்பு நட்டு, குறுக்கே பனஞ்சிலாகை வைத்து, இடுப்பு உயரத்துக்கு. ஆடு எட்டாது, நாய் எட்டாது, கோழியை மட்டும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலியோரத்தில் போட்டால் சோளகக் காற்று மண்ணை அள்ளிக் களிமேல் போட்டுவிடும். வாசலில் போட்டால் ஆள் நடமாட்டத்துத் தூசி. பரணின் காற்று வரும் பக்கத்தில் பழைய சேலை ஒன்றை மறைப்பாகக் கட்டினோம். கப்பின் அடியைச் சுற்றி சாம்பல் போட்டது எறும்புக்கு.

விரித்தது பனையோலைப் பாய். புதுப்பாய், நீளமாக, நெருக்கமாக இழைத்தது. பக்கத்திலேயே ஒரு பொலித்தீன் விரிப்பிலும் அதே களியை அதே நாளில் ஊற்றி வைத்தேன், வித்தியாசம் பார்ப்பதற்காக. பார்த்தவர்கள் எல்லாரும் பொலித்தீன்தான் சுத்தம் என்றார்கள். முதல் நாள் அதுவே சரியாகவும் தெரிந்தது, மேலே மினுமினுவென்று காய்ந்தது. இரண்டாம் நாள் மூலையைத் தூக்கினேன். அடி ஈரம். வெயில் மேலே ஒரு தோலைக் கட்டிவிட்டது, கீழே போக வழியில்லாத தண்ணீர் அங்கேயே வியர்த்து நிற்கிறது. ஓலைப்பாய் அப்படியில்லை. கீழே பரணின் இடைவெளி, அதனூடே காற்று, பாயின் இழைக்குள்ளாலும் ஈரம் போகும். பாய்ப் பனாட்டு அடியிலும் மேலும் சேர்ந்து காய்ந்தது, முதுகில் பாயின் கட்டம் கட்டமான அச்சோடு. அந்த அச்சில்லாத பனாட்டை எங்கள் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பொலித்தீன் துண்டைப் பிறகு பாய்க்கு மாற்றி மறுபக்கம் திருப்பிப் போட்டு ஒப்பேற்றினோம்.

இனித் தடிப்பு. முதல் பூச்சு இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. பாயின் இழை மங்கலாகத் தெரிய வேண்டும். கை தானாகவே தடிப்பாக ஊற்றப் பார்க்கும், களி இருக்கிறது, பாய் இருக்கிறது, ஏன் இழுக்க வேண்டும் என்று. பெரியம்மா கையை நீட்டி, நான் ஊற்றியதை உள்ளங்கையால் வழித்து அடுத்த பாய்க்குத் தள்ளினார்.

"மேல காய்ஞ்சு உள்ளுக்குப் பச்சையா நிண்டா அது பனாட்டில்லை மோனை, பூஞ்சணம். நாளைக்கும் வெயில் வரும், நாளைக்கு ஊத்து."

மறுநாள் பத்து மணி வெயிலில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, ஆனால் நகம் பதிந்தது. அதுதான் அடுத்த பூச்சுக்கு நேரம். முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றினால் இரண்டு பூச்சும் ஒன்றோடொன்று பிடிக்காது, பிறகு வெட்டும்போது தாள் தாளாகக் கழன்றுவிடும். ஒட்டுகிற நிலையில் ஊற்றினால் கீழ்ப்பூச்சின் ஈரம் சிறைப்பட்டுவிடும். இடைப்பட்ட அந்த நேரம் வெயிலைப் பொறுத்தது. நல்ல வெயிலில் ஒரு நாள், மப்பு நாளில் ஒன்றரை. ஒவ்வொரு நாளும் புதுப் பழம் பொறுக்கி, புதுக் களி எடுத்து, மேலே மேலே பூச வேண்டும். கடைசித் தடிப்பு அரை அங்குலத்துக்குள் நிற்கட்டும்.

பொழுது சாய்ந்ததும் ஒரு வேலை. கடல் சூழ்ந்த ஊரில் இரவுக் காற்றில் ஈரம் உண்டு, காய்ந்தது மறுபடி இளகும். முதல் இரண்டு நாள் பாயோடு தூக்கி விறாந்தைக்குள் கொண்டுபோய் வைத்தோம். பிறகு பாரம் கூடிவிட்டது. மேலே ஓலைத் தட்டியைச் சாய்த்து வைத்து, அதன்மேல் படங்கை (தார்ப்பாயை) போட்டோம். படங்கு களியில் படக்கூடாது, பட்டால் வியர்க்கும்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பின்னேரம் இடி இடித்தது. புரட்டாதியில் இது வழக்கம், வாடைக்காற்றுக்குக் கட்டியம் கூறுகிற மழை. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வெயிலை நம்ப முடியாது, அதனால்தான் பனாட்டுக்கு இவ்வளவு குறுகிய காலம். அன்று மழை வந்தது கால்மணி நேரம்தான். தட்டியும் படங்கும் தாங்கின. ஆனால் அடுத்த நாள் முழுக்க மூட்டம். மேற்பூச்சில் ஒரு மூலை புளித்த வாசம் வந்தது. அந்த மூலையைப் பலகைக் கரண்டியால் சுரண்டி எடுத்து மாட்டுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை அடுப்படியில் புகைபடுகிற இடத்தில் ஒரு இரவு வைத்தோம். காப்பாற்றியாயிற்று. அந்தப் பக்கத்துத் துண்டுகளில் மட்டும் இலேசான புகை வாசம் இருக்கிறது. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

ஒரு கிழமை தாண்டியதும் விளிம்பு தானாகவே பாயை விட்டு எழும்பியது. விளிம்பைப் பிடித்து, மறுகையால் பாயை அமத்திக்கொண்டு, மெதுவாக உரித்தால் முழுத் தகடாக வரும். வேகமாக இழுத்தால் பாயின் இழையும் சேர்ந்து வரும். உரித்த தகட்டைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தையும் இரண்டு நாள் காயவிட்டோம். வளைத்துப் பார்த்தேன். முறியவில்லை, வளைந்த இடத்தில் ஈரம் கசியவில்லை. அப்புறம் கத்திக்கு நல்லெண்ணெய் தடவி உள்ளங்கை அகலத் துண்டுகளாக வெட்டி, ஓலைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியை அடுப்புக்கு மேலே உள்ள பரணில் ஏற்றினோம். முதலில் செம்மஞ்சளாக இருந்த துண்டுகள் இப்போது மண்ணிறத்துக்கு வந்துவிட்டன. நாட்பட நாட்படக் கறுக்கும். நன்றாகக் காய்ந்தது ஒரு வருடத்துக்கு மேலும் கெடாமல் இருக்கும்.

மிச்சம்

கடைசி நாள் பொறுக்கிய பழத்துக்குப் பாயில் இடமில்லை. அந்தக் களியைச் சீனி போட்டுப் பச்சை வாசம் போகக் காய்ச்சி, ஆறவைத்து, கோதுமைமாவும் கொஞ்சம் அரிசிமாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து பனங்காய்ப் பணியாரம் சுட்டோம். எண்ணெய்க்குள் விரலால் கிள்ளிப் போட வேண்டும், கரண்டியால் போட்டால் உருண்டையாகி உள்ளே வேகாது. சுட்ட அன்றைக்கு நல்லது, அடுத்த நாள் அதைவிட நல்லது.

பனாட்டில் கொஞ்சத்தைப் பாணியில் போட்டிருக்கிறேன். கருப்பநீரை, அதாவது புளிக்காத பதநீரை, காய்ச்சி எடுத்த பனம்பாணி ஒரு போத்தல் வாங்கி, மறுபடி ஒரு கொதி விட்டு, தட்டிய மிளகும் ஏலக்காயும் போட்டு, ஆறிய பிறகு விரலளவு துண்டுகளை அதற்குள் அமிழ்த்தி மண்முட்டியில் வாய் கட்டி வைத்தாயிற்று. துண்டு பாணிக்கு மேலே மிதந்தால் அந்தப் பகுதியில் பூஞ்சணம் வரும், ஒரு கழுவிய கல்லைப் பாரமாக வைக்க வேண்டும். பெரியம்மா மாசிக்கு முன்னம் திறக்க விடமாட்டாராம்.

கொட்டைகள் எல்லாம் பாத்திக்குப் போய்விட்டன. மணலைக் கூட்டி உயர்த்திய பாத்தியில் நெருக்கமாக அடுக்கி, மேலே மண் போட்டு விட்டால் மாரி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தையில் கிண்டினால் கிழங்கு. இடையில் ஒன்றிரண்டு கொட்டையை வெட்டினால் உள்ளே இருக்கும் பூரான் என்கிற வெள்ளைப் பருப்பைத் தின்னலாம். கிழங்குக்குக் காறல் மரம், இனிப்பு மரம் என்று பார்க்கத் தேவையில்லை என்றார் பெரியம்மா. ஆகவே நாங்கள் ஒதுக்கிய மரங்களின் பழத்தையும் பொறுக்கி, களியை மாட்டுக்குக் கொடுத்து, கொட்டையைச் சேர்த்துக்கொண்டோம்.

நல்ல மரங்களில் மூன்றின் அடியில் சுண்ணாம்பு பூசி அடையாளம் வைத்திருக்கிறேன். நான் வரப் பிந்தினாலும் பக்கத்து வீட்டு அண்ணை அந்த மரங்களின் பழத்தை மட்டும் பொறுக்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், கூலியாக ஒரு தகடு பனாட்டு. அடுத்த முறை பரணை இன்னும் கொஞ்சம் நீளமாகப் போட வேண்டும், பாய் இன்னொன்று இழைக்கச் சொல்லிவிட்டேன்.